பார்டர்லைன் தைராய்டு: ஒரு லேப் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

"தைராய்டு ஏறியிருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் பலரும் லேபிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். உண்மையில் ரிப்போர்ட்டில் ஏறியிருப்பது டி.எஸ்.எச். என்ற எண். அது ஏறினால் தைராய்டின் சுரப்பு குறைகிறது என்று பொருள். சுரப்பு கூடியவரும் குறைந்தவரும் "எனக்கும் தைராய்டு" என்ற ஒரே வார்த்தையைச் சொல்வதால், ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் கடன் வாங்கிப் போடும் அளவுக்குக் குழப்பம் போகிறது.

இதில் அதிகம் குழப்புவது நடுவில் மாட்டிக்கொள்ளும் எண்தான். பாலக்கோட்டில் 34 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு அசதி, முடி கொட்டுகிறது. மண்டபத்தில் நடந்த முகாமில் மதியம் ரத்தம் கொடுத்தார். டி.எஸ்.எச். 6.4 என்று வந்தது. பக்கத்து வீட்டு அக்கா "இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்கிறார், மாமியார் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்கிறார். இருவருமே அவசரப்படுகிறார்கள். 6.4 என்ற ஒற்றை எண்ணை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. ஏன் முடியாது, எப்போது முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தொட்டியும் மோட்டாரும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் உள்ள வீடுகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, கீழே மோட்டார், தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச். மட்டம் இறங்கினால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். நல்ல மழை பெய்த வருஷத்தில் தொட்டி நிறைய 20 நிமிஷம் போதும். போரில் தண்ணீர் கீழே போகப் போக அதே தொட்டிக்கு 40 நிமிஷம், 50 நிமிஷம் ஆகும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வழக்கம்போல வரும், வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கவனிப்பவருக்கு மட்டும் போர் இளைத்துவிட்டது தெரிந்துவிடும்.

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பிதான் அந்த போர். அது சுரக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோன், சுருக்கமாக டி4, தொட்டித் தண்ணீர். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி மிதவை சுவிட்ச். டி4 குறைவதாகத் தெரிந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை முடுக்கும். அந்த டி.எஸ்.எச். தான் மோட்டார் ஓடும் நேரம்.

இந்த மிதவை ரொம்பவும் நுட்பமானது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு ஏறும் என்பது பாடநூல் கணக்கு. அதனால் டி4 நார்மல் எல்லைக்குள்ளேயே லேசாகச் சரியும்போதே டி.எஸ்.எச். குரல் கொடுத்துவிடும்.

ஆக, டி4 நார்மல், டி.எஸ்.எச். மட்டும் கூடுதல் என்றால் அதற்கு சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்று பெயர். பேச்சில் பார்டர்லைன் தைராய்டு. டி4ம் சேர்ந்து இறங்கிவிட்டால் அது முழு ஹைப்போதைராய்டிசம். இந்தப் பிரிவினை ரத்த எண்களை மட்டும் வைத்துச் செய்வது. அசதி எவ்வளவு இருக்கிறது என்பது இந்தப் பெயரை முடிவு செய்வதில்லை.

ரிப்போர்ட்டில் உள்ள எண்கள்

லேபில் "தைராய்டு ப்ரொஃபைல்" என்று கேட்டால் பெரும்பாலும் டி3 (தைராய்டின் இன்னொரு ஹார்மோன்), டி4, டி.எஸ்.எச். என்று மூன்று வரி வரும். மூன்றில் டி.எஸ்.எச். தான் தலையாய எண். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை நார்மல் என்று பல லேபுகள் அச்சடிக்கின்றன. எல்லை லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்கள் எண்ணை உங்கள் ரிப்போர்ட்டில் அதே வரியில் அச்சடித்திருக்கும் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டோடு அல்ல.

டி4இல் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் டி4இல் பத்தாயிரத்துக்கு இரண்டு மூன்று பங்குதான் தனியாகத் திரிகிறது. மீதியெல்லாம் புரதங்களின் முதுகில் ஏறிப் பயணம் செய்கிறது. ஊத்தங்கரை பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரால் வயலில் வேலை செய்ய முடியாது, இறங்கியவர்தான் செய்வார். அப்படி இறங்கிய பங்குதான் ஃப்ரீ டி4. கர்ப்பக் காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் பஸ்களின் எண்ணிக்கை, அதாவது அந்தப் புரதங்கள், கூடிவிடும். மொத்த டி4 ஏறினாற்போல் தெரியும், ஆனால் வேலைக்கு இறங்கியவர்கள் அதே அளவுதான். எனவே பார்டர்லைன் கேள்வி வரும்போது ஃப்ரீ டி4 என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சாதாரண ப்ரொஃபைலில் பல இடங்களில் மொத்த டி4தான் இருக்கும்.

டி3யைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சுரப்பு குறையும்போது உடம்பு டி3யைக் கடைசிவரை விடாமல் காப்பாற்றும். பார்டர்லைன் ஆட்களுக்கு அது பெரும்பாலும் நார்மலாகவே வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைவதிலும் அர்த்தமில்லை.

அந்தக் கோட்டைப் போட்டது யார்?

நார்மல் எல்லை என்பது இயற்கை கிழித்த கோடு அல்ல. தைராய்டு நோய் இல்லாத ஏராளமானவர்களின் ரத்தத்தைப் பார்த்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் எண்களை நார்மல் என்று வைத்துக்கொள்கிறார்கள். மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் வெளியே போகும். போச்சம்பள்ளி வாரச் சந்தையில் தைராய்டு நோயே இல்லாத 40 பேரைப் பிடித்து ரத்தம் எடுத்தால், கணக்குப்படி ஒருவருக்கு டி.எஸ்.எச். மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். அவருக்கு வியாதி எதுவும் இல்லை.

அதோடு ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில் எடுத்தாலும் எண் ஆடும். ஒரு நாள் 4.8, இன்னொரு நாள் 6.2 என்பது பல சமயம் ஒரே நிலைதான். "ஏறிவிட்டது" என்று அலறவும் வேண்டாம், மாறாக வந்தால் "கஷாயம் வேலை செய்தது" என்று கொண்டாடவும் வேண்டாம்.

எண்ணைத் திசைதிருப்பும் விஷயங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பார்டர்லைன் என்று முத்திரை குத்தப்படுபவர்களில் கணிசமானவர்களின் எண், காரணம் விலகியதும் தானாக இறங்கிவிடுகிறது.

முதலில் நேரம். டி.எஸ்.எச். நடுராத்திரிக்கு மேல் உச்சத்துக்குப் போய், காலையில் இறங்கத் தொடங்கி, மதியத்துக்கு மேல் மிகக் குறைவாக இருக்கும். காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்ததையும், மதியம் சாப்பிட்டுவிட்டு எடுத்ததையும் ஒப்பிட்டால் கால் பங்குக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். சர்க்கரைப் பரிசோதனை போல வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் பார்டர்லைனைப் பின்தொடரும்போது ஒவ்வொரு முறையும் ஒரே நேரம், ஒரே நிலை என்று வைத்துக்கொள்வது அவசியம். காலை 7 முதல் 9க்குள், சாப்பிடாமல் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

ஓசூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தூக்கம் டி.எஸ்.எச்.ஐ அடக்கி வைக்கும். இரவு முழுக்க விழித்திருந்தால் அது வழக்கத்தைவிட மேலே போகும். நைட் ஷிப்ட் முடித்து, வழியிலேயே லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவது பலருக்கும் வசதிதான். ஆனால் எண் ஏறி வர அதுவே காரணமாகலாம். இரண்டு மூன்று நாள் இரவில் நன்றாகத் தூங்கிய பிறகு கொடுங்கள்.

அடுத்து, சமீபத்திய காய்ச்சல். டெங்கு, டைபாய்டு, நிமோனியா என்று படுத்து எழுந்தவருக்கு, நோய் உச்சத்தில் இருக்கும்போது டி.எஸ்.எச். இறங்கும், தேறிவரும்போது எகிறும். தற்காலிகமாக 20 வரைகூடப் போவதுண்டு. அது மோட்டார் விட்ட இடத்தைப் பிடிக்க ஓடுவது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த சமயத்தில் "எல்லா டெஸ்ட்டும்" எடுத்ததில் வந்த தைராய்டு எண்ணை, குணமாகி ஆறேழு வாரம் கழித்து மறுபடி பார்க்காமல் நம்பக் கூடாது. பிரசவமாகி ஒரு வருஷத்துக்குள்ளும் இப்படித்தான்: சிலருக்குத் தைராய்டு அழற்சி வந்து முதலில் ஹார்மோன் கூடி, பிறகு குறைந்து, பலருக்குத் தானே சரியாகும்.

மருந்துகள். இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், மனநல சிகிச்சையில் தரும் லித்தியம் இரண்டும் தைராய்டையே பாதிக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கவனத்துக்கு வராமல் போவது கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போடும் பல கேஸ் மாத்திரைகளில் டோம்பெரிடோன் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அது டி.எஸ்.எச்.ஐ ஏற்றக்கூடியது. ஸ்டீராய்டு எதிர்த்திசையில் இறக்கும். சி.டி. ஸ்கேனுக்காக அயோடின் கலந்த மருந்தை ஊசியாகப் போட்டிருந்தாலும் சில வாரங்கள் எண் ஆடலாம்.

முடி மாத்திரை. இதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதுமில்லை. அதில் உள்ள பயோட்டின் உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் அளவில் போதும். கடையில் விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. உடம்பில் தைராய்டை அது ஒன்றும் செய்யாது. சில லேப் மெஷின்கள் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் கொக்கிகள் ஏமாந்துவிடும். டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும் ஃப்ரீ டி4 கூடுதலாகவும் அச்சாகும். உண்மையில் பார்டர்லைனில் இருப்பவர் நார்மலாகத் தெரிவார். முடி கொட்டுகிறது என்று தைராய்டு பார்க்க வருபவர்தான் முடி மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பது இதில் உள்ள வேடிக்கை. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

கடைசியாக லேப். கிருஷ்ணகிரியில் எடுத்த ரத்தம் பெங்களூருக்குப் போகலாம், தருமபுரியில் எடுத்தது சேலத்துக்குப் போகலாம். பயணத்தால் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் இரண்டு ஊர் மெஷின்களும் ஒரே கம்பெனியாக இருக்காது, ஒரே ரத்தத்துக்கு இரண்டும் கொஞ்சம் வேறு எண் சொல்லும். முதல் டெஸ்ட் எந்த லேபோ, மறு டெஸ்ட்டும் அங்கேயே.

சுருக்கமாக: மதியம், முகாம், காய்ச்சலுக்குப் பின், நைட் ஷிப்டுக்குப் பின், முடி மாத்திரையோடு எடுத்த எண் எதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் முறை எடுப்பது

டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் தைராய்டு சம்பந்தப்பட்ட எந்த மாற்றமும் ரத்தத்தில் படிந்து நிலைக்க ஆறு முதல் எட்டு வாரம் தேவை. பத்து நாளில் மறுபடி எடுப்பது காசுக்குக் கேடு. கர்ப்பம் இல்லாத, எண் 10க்குக் கீழே உள்ள பெரியவருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து எடுப்பது வழக்கம்.

அப்போது மூன்று கேட்க வேண்டும்: டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ. மூன்றாவது, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்ட். அப்படித் தாக்கும் நோயை 1912இல் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரால் ஹஷிமோட்டோ தைராய்டிடிஸ் என்கிறார்கள். போர் ஏன் இளைக்கிறது என்பதற்கு இதுவே பொதுவான விடை.

ஆன்டி டி.பி.ஓ. இருந்தால் என்ன வித்தியாசம்? இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் மக்களை 20 வருஷம் பின்தொடர்ந்து 1995இல் வெளியான ஆய்வில், டி.எஸ்.எச். கூடுதலாக இருந்து இந்த எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில் வருஷத்துக்கு 100 பேரில் நாலு பேருக்குக் கொஞ்சம் மேல் முழு ஹைப்போதைராய்டிசத்துக்குப் போனார்கள். டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்தவர்களில் இரண்டரை பேர் அளவு. எந்த ஒரு வருஷத்தை எடுத்தாலும் போகாமல் நின்றவர்கள்தான் அதிகம் என்பதையும் இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். ஆன்டி டி.பி.ஓ. ஒரு முறை பார்த்தால் போதும். 200 இருந்தது 600 ஆகிவிட்டது என்று வருஷா வருஷம் பார்ப்பதால் சிகிச்சை மாறாது. கழுத்தில் வீக்கமோ கட்டியோ கைக்குத் தட்டுப்படாதபோது ஸ்கேனும் வேண்டியதில்லை.

பாலக்கோட்டுப் பெண்ணுக்குத் திரும்புவோம். பத்து வாரம் கழித்து, காலை 8 மணிக்கு, முடி மாத்திரையை நிறுத்திவிட்டு எடுக்கிறார். டி.எஸ்.எச். 4.1, ஃப்ரீ டி4 நார்மல், ஆன்டி டி.பி.ஓ. இல்லை என்று வந்தால் கதை அங்கேயே முடிந்தது. அசதிக்கு வேறு காரணம் தேட வேண்டும், முதலில் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும். 7.2, ஃப்ரீ டி4 நார்மல், ஆன்டி டி.பி.ஓ. இருக்கிறது என்று வந்தால் இப்போது சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்று தைரியமாகச் சொல்லலாம். மாத்திரை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

வேறு கணக்கு வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள் மேலே சொன்ன "இரண்டு மூன்று மாதம் பொறு" என்பதில் சேர மாட்டார்கள். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் டி4ஐ நம்பித்தான் இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் டி.எஸ்.எச். இயல்பாகவே இறங்குவதால் மேல்கோடும் கீழே வரும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி முதல் மூன்று மாதத்துக்கு 2.5, பிறகு 3 என்று கோடு போட்டது. 2017இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம், உள்ளூர் எல்லை கைவசம் இல்லாத இடங்களில் முதல் மூன்று மாதத்துக்கு 4 என்று தளர்த்தியது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது இதனால்தான். எந்தக் கோட்டைப் பிடித்தாலும், கர்ப்பிணியின் ரிப்போர்ட்டை அந்த வாரமே காட்ட வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவரும் அப்படியே.

70 தாண்டியவர்களுக்கு நேர்மாறு. வயது ஏற ஏற டி.எஸ்.எச். இயல்பாகவே கொஞ்சம் மேலே நகரும். தாத்தாவுக்கு 6 என்பது பல சமயம் அந்த வயதுக்கான நார்மல்.

இன்னொரு கூட்டம், டி.எஸ்.எச். நார்மலாக இருந்தும் தைராய்டு குறைந்தவர்கள். மிதவை சுவிட்சே பழுதானால் தொட்டி காலியானாலும் மோட்டார் ஓடாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு கடுமையாகி, அதன்பின் தாய்ப்பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், ஓயாத அசதியோடு இருக்கும் பெண்ணுக்குப் பிட்யூட்டரி சேதமாகியிருக்கலாம். அவருக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்புவது ஆபத்து. ஃப்ரீ டி4 பார்த்தே ஆக வேண்டும்.

மாத்திரை யாருக்கு

உறுதியான டி.எஸ்.எச். 10க்கு மேல் என்றால் பெரும்பாலான மருத்துவர்கள் லீவோதைராக்ஸின் என்ற டி4 மாத்திரையைத் தொடங்குவார்கள். 10க்குக் கீழேதான் வாக்குவாதம். 65 வயது தாண்டிய 737 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ட்ரஸ்ட் என்ற ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசமே தெரியவில்லை. இளம் வயது, ஆன்டி டி.பி.ஓ. இருக்கிறது, கழுத்தில் வீக்கம், கொலஸ்ட்ரால் கூடுதல், உண்மையான அறிகுறிகள் என்று சேர்ந்து வந்தால், தினம் 25 அல்லது 50 மைக்ரோகிராம் கொடுத்து மூன்று முதல் ஆறு மாதம் பார்ப்பார்கள். டி.எஸ்.எச். இறங்கியும் உடம்பில் மாற்றம் தெரியவில்லை என்றால் அசதிக்குக் காரணம் தைராய்டு இல்லை. நிறுத்தலாமா என்று கேட்பதில் தவறில்லை. எடை குறையும் என்று நம்பித் தொடங்குபவர்கள் ஏமாறுவார்கள். முழு ஹைப்போதைராய்டிசத்திலேயே தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் இரண்டு முதல் நாலு கிலோ, அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். தேவைக்கு மேல் மாத்திரை போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

சாப்பிடும் முறை எளிது: காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் கூழும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. ராகி ஆகாது என்று நம் பக்கம் பலர் களியையே விட்டுவிடுகிறார்கள், அது தேவையில்லாத தியாகம். தைராய்டைத் தடுக்கும் பொருள் இருப்பதாக ஆய்வுகள் பேசியது கம்பைப் பற்றி, அதுவும் அதையே முதன்மை உணவாக உண்டு அயோடினும் குறைவாக இருந்த இடங்களில். ராகியில் கால்சியமும் நாரும் அதிகம் என்பதால் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருப்பதால்தான் தைராய்டு வந்தது என்பதும் இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. தொடர்பைத் தேடும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் உங்கள் டி.எஸ்.எச். 6 ஆனதற்கு அதுதான் காரணம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. டெஸ்ட்டும் சிகிச்சையும் அதனால் மாறப்போவதில்லை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள்

ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வருஷக்கணக்கில் 25 மைக்ரோகிராம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பழைய ஃபைலைத் தேடி, தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பாருங்கள். அப்போது டி.எஸ்.எச். எத்தனை, ஃப்ரீ டி4 பார்த்தார்களா, மறுமுறை எடுத்தார்களா, எந்த நேரத்தில் எடுத்தது? அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால், மாத்திரையை நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாமா என்று அவரால் முடிவு செய்ய முடியும். தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், தைராய்டு ஆபரேஷனோ ரேடியோ அயோடின் சிகிச்சையோ ஆனவர்கள், முன்பு ஃப்ரீ டி4 குறைந்தோ டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியோ இருந்தவர்கள் இந்தச் சோதனைக்கு ஆட்கள் அல்ல. தொடர்பவர்கள் டெஸ்ட் நாளன்று மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அடுத்த சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.